மடிப்பக்காவின் பத்து வெள்ளைக் கட்டுகள்

பத்தாவது கட்டும் வெள்ளையாகத்தான் வந்து சேர்ந்தது. இருபத்து நான்கு பக்கம். முன்னாலிருந்து புரட்டினேன், பின்னாலிருந்து புரட்டினேன். ஓர் எழுத்து இல்லை. கோடிட்ட இடங்கள் எல்லாம் கோடிட்ட இடங்களாகவே இருந்தன. கட்டைத் தூக்கி மேசையில் போட்டுவிட்டு, "இந்தம்மாவுக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டேன். சுவர் ஒன்றும் சொல்லவில்லை. என் வேலையில் சுவரும் படிக்கிறவர்களும் அநேகமாக ஒரே ரகம்தான்.

என் வேலை இன்னதென்று சொல்லிவிடுகிறேன். முதியோர் கல்வி மையத்தில், வகுப்புக்கு வர முடியாதவர்களைக் கவனித்துக்கொள்வது. மொத்தம் முப்பத்தொரு பேர். டிரைவர்கள், காவலாளிகள், சமையல்காரர்கள், வீட்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள். படிக்க வேண்டிய வயதில் பள்ளிக்கூடம் வாய்க்கவில்லை. இப்போது வகுப்பு இருக்கிறது, வேலை விட மாட்டேன் என்கிறது. ஆகவே வாரத்துக்கு ஒரு பயிற்சிக் கட்டு. வீட்டில் உட்கார்ந்து தாங்களாகவே படித்து, அதிலேயே பென்சிலால் எழுதி, மையத்து வாசலில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். நான் சிவப்பு மையில் திருத்தி, அடுத்த கட்டோடு சேர்த்துத் திருப்பிக் கொடுப்பேன். வாரம் ஒருமுறை போனில் பேசுவேன். அவ்வளவுதான். சொல்லும்போது எவ்வளவு சுளுவாக இருக்கிறது பாருங்கள்.

காவலாளி ஒருவர் பயிற்சிக் கட்டை நாற்காலிக் காலுக்கு முட்டுக் கொடுத்து வைத்துவிட்டு, "ஆட்டம் நின்னதும் எடுத்துப் படிக்கிறேன் டீச்சர்" என்றார். சமையல்காரர் ஒருவரின் கட்டில் விடையைவிட எண்ணெய் அதிகம். இன்னொரு பெண்ணுக்குக் கட்டைத் திறந்ததும் தூக்கம் வரும், மூடியதும் தெளிந்துவிடும். கல்லில் நார் உரிப்பது என்பார்கள். கல்லுக்காவது சாக்குச் சொல்லத் தெரியாது.

மடிப்பக்கா இந்த ரகமில்லை என்று நம்பியிருந்தேன். அதனால்தான் எனக்கு ஆறவே இல்லை.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைப் பிரிவில் இருபத்தாறு வருடமாக வேலை. துணி மடிக்கும் அறையில் இருப்பதால் அங்கே எல்லோருக்கும் அவர் மடிப்பக்கா. எனக்கும் அப்படியே ஆகிவிட்டார். இரண்டு பேர் பிடித்து மடிக்க வேண்டிய படுக்கை விரிப்பை, ஒரு முனையைத் தாடைக்குக் கீழே இடுக்கிக்கொண்டு, தனியாளாக நாலு வீச்சில் மடித்துவிடுவார். மூலைக்கு மூலை இம்மி பிசகாது. அந்த அறையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வந்த துணியில் என்ன கறை இருந்தாலும் சரி, திரும்பிப் போகும்போது அது புதிதாக வாங்கியதுபோல் இருக்க வேண்டும். சின்னப் புள்ளி ஒன்று கண்ணில் தப்பி வார்டுக்குப் போய்விட்டது தெரிந்தால், அன்றைக்கு மடிப்பக்காவுக்குச் சாப்பாடு இறங்காது.

அவருடைய முதல் ஒன்பது வருடம் மடிப்பு அறையில் போகவில்லை, ஊறவைக்கும் தொட்டியில் போனது. வெளுப்பு மருந்து கலந்த தண்ணீரில் நாள் முழுக்கக் கை. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, இரவில் போர்வை பட்டால்கூட எரியும் என்பார். அதே மருத்துவமனையின் தோல் டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான் மடிப்பு அறைக்கு மாற்றினார்கள். அங்கே எழுத்து தெரிய வேண்டிய அவசியம் இல்லை. விரிப்பின் மூலையில் நூல் தைத்திருக்கும். சிவப்பு என்றால் அறுவைப் பிரிவு, நீலம் என்றால் குழந்தைகள் வார்டு, மஞ்சள் என்றால் பிரசவ வார்டு. நிறத்தைப் பார்த்து அடுக்கினால் போதும். பதினேழு வருடம் அப்படியே ஓடிவிட்டது.

பிறகு புது நிர்வாகம் வந்தது. நூலை எடுத்துவிட்டு, அச்சடித்த சீட்டு தைத்த விரிப்புகளை இறக்கினார்கள். கூடவே ஓர் அறிவிப்பு: ஐந்து மாதத்துக்குள் முதல் நிலைக் கல்விச் சான்றிதழ் காட்டுகிறவர்களுக்கு மடிப்பு அறை, மற்றவர்களுக்குத் தொட்டி.

மையத்தில் பெயர் பதியும்போது மடிப்பக்கா தன் இரண்டு கைகளையும் என் மேசைமேல் விரித்து வைத்தார். பழைய வெடிப்புகளின் தழும்பு, காய்ந்த சேற்றுத் தரைபோல் இருந்தது. "மறுபடியும் தொட்டிக்குப் போனா இந்தக் கை ஒரு மாசம் தாங்காது டீச்சர்," என்றார். "எழுத்துக் கூட்டத் தெரியும். எப்படியாவது படிச்சுடறேன்."

இப்படிச் சொன்னவர்தான் பத்து வாரமாக வெள்ளைத் தாள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

முதல் கட்டு அப்படி வந்தபோது, பாவம், பழக்கமில்லை என்று விட்டுவிட்டேன். இரண்டாம் வாரம் போன் செய்தேன்.

"அக்கா, கட்டு முடிச்சீங்களா?"

"முடிச்சுட்டேன் டீச்சர். நேத்தே பெட்டியில போட்டுட்டேனே."

"எல்லாம் எழுதினீங்களா?"

"எழுதாம இருப்பேனா? ஒண்ணுகூட விடல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் பூசணித் தோட்டத்தையே மறைக்கிறாரே என்று தோன்றியது. "கட்டு வெறுமையா இருக்கே அக்கா" என்று அங்கேயே கேட்டிருக்கலாம். கேட்டிருக்க வேண்டும். ஆனால் என்னைவிடப் பத்து வயது மூத்த பெண்மணியை, பொய் சொல்கிறீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? மென்று விழுங்கிவிட்டேன். திருத்த ஒன்றும் இல்லாத கட்டைத் திருப்பிக் கொடுத்து என்ன ஆகப் போகிறது என்று அலமாரியில் வைத்துவிட்டு, அடுத்த கட்டை மட்டும் அனுப்பினேன். அப்புறம் ஒவ்வொரு வாரமும் அதே கதை. விழுங்கியதெல்லாம் வயிற்றில் தங்காமல் குத்தல் பேச்சாக வெளியே வர ஆரம்பித்தது. அது என் பிறவிக் குணம்.

"நாலாவது கட்டு ரொம்ப நல்லா இருந்துச்சு அக்கா," என்றேன் ஒருநாள். "ஒரு கறை இல்ல, ஒரு கசங்கல் இல்ல."

"பாத்துப் பாத்துப் பண்ணேன் டீச்சர்," என்றார். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்வதையும் செய்துவிட்டு என்னையே கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். ஏழாம் வாரம் பொறுக்க முடியாமல், "உங்களுக்குச் சொல்லித் தர எங்கிட்ட ஒண்ணும் இல்ல அக்கா," என்றேன்.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"இல்ல, நீங்க வேலையா இருப்பீங்க. அப்புறம் கேக்கறேன்."

கேட்கவில்லை. நானும் விசாரிக்கவில்லை. விசாரிக்க எனக்கென்ன தலையெழுத்தா என்று இருந்துவிட்டேன்.

இப்போது பத்தாவது கட்டு. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள், திருத்திய பத்துக் கட்டுகளை மையப் பொறுப்பாளரிடம் காட்ட வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால்தான் தேர்வுச் சீட்டு. அவர் விடைகளைப் படித்து நான் பார்த்ததில்லை. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு இருக்கிறதா என்று புரட்டுவார், போட்டுவிடுவார். ஆனால் வெள்ளைத் தாளை நீட்டினால் அவர்கூட நிமிர்ந்து பார்ப்பார். பத்துக் கட்டு இல்லாதவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதற்கு ஒரு விலகல் படிவம், அதில் படிக்கிறவரின் கையெழுத்து. வியாழக்கிழமை சாயங்காலம் படிவத்தையும் பத்துக் கட்டுகளையும் பையில் போட்டுக்கொண்டு மடிப்பக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் நின்றுகொண்டே, என்னென்ன கேட்பது என்று வரிசையாக மனப்பாடம் செய்தேன். உறைக்கிற மாதிரி நாலு கேள்வி தேறியது.

ஒற்றை அறை, ஒட்டினாற்போல் சமையலறை. கதவைத் திறந்தவர் மடிப்பக்காவின் கணவர். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். முழங்கை வரை வெள்ளைத் துளிகள்.

"டீச்சரா? வாங்க, உக்காருங்க. அவ மாடியில துணி எடுக்கப் போயிருக்கா, இப்ப வந்துடுவா."

உட்கார்ந்தேன். ஜன்னலை ஒட்டி இஸ்திரி மேசை. அதன்மேல் மடித்த கம்பளம், அதன்மேல் பென்சில், பழைய டப்பா மூடி ஒன்று. மூடி நிறையச் சாம்பல் நிறத்தில் ஏதோ தூள்.

பெயிண்டர் எதிரே குந்தினார். "உங்க படிப்புல எனக்கு ஒரு சந்தேகம் டீச்சர். கேட்டா அவ திட்டுவா, அதான் அவ வர்றதுக்குள்ள கேக்கறேன். உக்காந்து எழுதறதுக்கு ஒரு மணி நேரம் ஆகுது, சரி. அதை அழிக்கிறதுக்கு எதுக்கு ஒன்றரை மணி நேரம்?"

"எதை அழிக்கிறதுக்கு?"

"எழுதினது பூராவும்தான். நான் சுவத்துல பழைய பெயிண்டச் சுரண்டறவன். எனக்கே அவ்வளவு பொறுமை கிடையாது. வாரத்துக்கு ஒரு ரப்பர் தேயுது." டப்பா மூடியைக் காட்டினார். "அதோ, இந்த வாரத்துத் தூளு."

நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த நாலு கேள்வியும் எங்கே போயின என்றே தெரியவில்லை.

மடிப்பக்கா மார்போடு அணைத்த துணிகளுடன் உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. என் முகத்தைப் பார்த்ததும் வாடியது.

"அக்கா, எழுதினதை எல்லாம் அழிச்சுட்டா பெட்டியில போட்டீங்க?"

"ஆமா டீச்சர்." துணிகளைக் கீழே வைத்தார். "ஏன், எங்கயாவது விட்டுப்போச்சா?"

"ஏன் அக்கா அழிச்சீங்க?"

"நீங்கதானே சொன்னீங்க. மொத நாள் வந்தப்ப, அந்த டிரைவர் தம்பிய நிக்க வச்சுத் திட்டிட்டு இருந்தீங்க. இது உங்க வீட்டுச் சொத்தா, அடுத்தவங்க கைக்குப் போக வேணாமா, இங்கிருந்து எது எடுத்துட்டுப் போனாலும் போன மாதிரியே திரும்பி வரணும்னு. நான் வாசல்ல நின்னு கேட்டேன்."

சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். ஆனால் அது கட்டுக்காகச் சொன்னதில்லை. மையத்தில் கடனாகக் கொடுக்கும் கதைப் புத்தகம் ஒன்றில் அந்த டிரைவர் பக்கம் பக்கமாகப் போன் நம்பர் எழுதி வைத்திருந்தார், அதற்காகச் சொன்னது. கட்டில் தாராளமாக எழுதலாம், அது உங்களுடையது, நான் திருத்தித் தருவேன் என்று அதற்கு முன்னால் அரை மணி நேரம் விளக்கியிருந்தேன். மடிப்பக்கா ஷிப்ட் முடிந்து ஓடி வந்து சேர்ந்தபோது விளக்கம் முடிந்து, வசவு ஆரம்பித்திருந்தது. வந்தவர் காதில் அது மட்டும்தான் விழுந்தது. அன்றைக்கு அவர் பையில் கதைப் புத்தகமும் கட்டும் ஒன்றாகவே போயின. வாழ்க்கை முழுக்க, வந்த துணியைக் கறை தெரியாமல் திருப்பி அனுப்பியவர் வேறென்ன செய்வார்? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் வாயைத் திறந்து இன்னொருவரைக் கெடுத்துவிட்டது.

"அழிச்சுட்டா நான் எப்படி அக்கா திருத்தறது?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. யார்மேல் கோபம் என்று எனக்கே அப்போது தெரியவில்லை.

"தனியாப் படிக்கிறவங்களுக்குத் திருத்த மாட்டாங்கன்னு நினைச்சேன் டீச்சர். அதெல்லாம் வகுப்புக்கு வர்றவங்களுக்குன்னு." சற்று நிறுத்தி, "நான் எழுதினதை அப்படியே விட்டா, அடுத்து வர்றவங்க பாத்து எழுதிடுவாங்க. அவங்களுக்குப் படிப்பு வராதே," என்றார்.

"அடுத்தவங்க யாரும் வர மாட்டாங்க. அது உங்க கட்டு. உங்களுக்கு மட்டும்." சொல்லிக்கொண்டே கட்டுகளைப் பையிலிருந்து எடுத்து இஸ்திரி மேசைமேல் போட்டேன். கொஞ்சம் பலமாகவே போட்டேன். ஒரு கட்டு திறந்துகொண்டு ஜன்னல் பக்கம் சரிந்தது. சாய்ந்த வெயில் அந்தப் பக்கத்தின்மேல் விழுந்தபோதுதான் பார்த்தேன்.

பக்கம் வெறுமையாக இல்லை. வரிவரியாகப் பள்ளம். ஈர விரிப்பை அழுத்தி அழுத்தி மடித்துப் பழகிய கை. பென்சிலையும் அப்படித்தான் அழுத்தியிருந்தது. கரி போய்விட்டது, தடம் போகவில்லை. தாளைச் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது. கூட்டல் கணக்கு, கோடிட்ட இடம், ஐந்து வரிக் கட்டுரை, எல்லாம். பத்து வாரமாக இதை விளக்கு வெளிச்சத்தில் தட்டையாக வைத்துப் புரட்டிவிட்டு அலமாரியில் எறிந்திருக்கிறேன்.

ஒவ்வொரு கட்டின் கடைசிப் பக்கத்திலும் ஒரே பயிற்சி உண்டு: 'ஆசிரியரிடம் நீங்கள் கேட்க விரும்புவதை எழுதுங்கள்.' அந்தப் பக்கத்தை முப்பத்தொரு பேரில் யாருமே நிரப்புவதில்லை. மடிப்பக்கா நிரப்பியிருந்தார். முதல் கட்டை எடுத்து ஜன்னலுக்குச் சாய்த்தேன். 'டீச்சர், இது சரியா?' இரண்டாவது: 'கழித்தல் சரியா?' ஐந்தாவது: 'நான் சரியாகப் படிக்கிறேனா என்று யார் சொல்வார்கள்?' எட்டாவது கட்டில், அதாவது அந்த ஏழாம் வாரப் போனுக்குப் பிறகு: 'டீச்சருக்கு என்மேல் கோபமா?'

எனக்கு வெட்கமாக இருந்தது. நாற்பது வயதில், இன்னொருவர் வீட்டில், அவர் கணவர் எதிரில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவு வெட்கப்பட வேண்டியிருக்கும் என்று நினைத்ததே இல்லை.

"மறுபடி எழுதிடவா டீச்சர்?" மடிப்பக்கா பென்சிலைக் கையில் எடுத்துவிட்டார். "ஆறு மணிக்கு ஷிப்ட். லீவு சொல்லிடறேன்."

"வேணாம். எழுதினதை எதுக்கு ரெண்டாவது தடவை எழுதணும்? நீங்க வேலைக்குப் போங்க. அந்த ரப்பரை மட்டும் எங்கிட்ட குடுங்க."

"அது எதுக்கு டீச்சர்?"

"குடுங்கன்னா குடுங்க அக்கா."

தேய்ந்து பட்டாணி அளவுக்கு இருந்த ரப்பரைக் கொடுத்தார். கூடவே பெயிண்டர், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வாங்கி வைத்திருந்த புது ரப்பரையும் எடுத்து நீட்டினார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மையத்தைத் திறந்து, மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். வெயில் சாய்வாக இருக்கும்வரைதான் எழுத்து தெரியும். ஒன்பதரை மணிக்கெல்லாம் ஏறிவிடும். ஒரு கையால் தாளைச் சாய்த்துப் பிடித்து, மறு கையால் சிவப்புப் பேனாவை ஓட்டினேன். தடத்தின்மேல் சரி, தடத்தின்மேல் தப்பு. இருநூற்று நாற்பது பக்கம். பத்து வாரம் ஆற அமரச் செய்திருக்க வேண்டிய வேலையைத் தலையால் தண்ணீர் குடித்துக்கொண்டு ஒரு காலையில் செய்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது. நன்றாக வேண்டும் எனக்கு.

பதினொன்றே முக்காலுக்குப் பொறுப்பாளரிடம் போனேன். வழக்கம்போல் சிவப்பைப் பார்த்துப் புரட்டினார். மூன்றாம் பக்கத்தில் கை நின்றது.

"என்னம்மா இது? வெறும் தாள்ல திருத்தியிருக்கீங்க?"

"ஜன்னல்கிட்ட வந்து சாய்ச்சுப் பாருங்க சார்."

அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாளைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். கட்டைவிரலால் ஒரு வரியைத் தடவினார். இன்னொரு கட்டை எடுத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விடையைப் படித்தார் என்று நினைக்கிறேன்.

"எதுக்கு அழிச்சாங்க?"

"நான் அழிக்கச் சொன்னதா நினைச்சுட்டாங்க சார்."

"நீங்க பாக்கலையா? பத்து வாரமா?"

"பாக்கல சார்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

மடிப்பக்கா தேர்வில் தேறினார், இன்றும் மடிப்பு அறையில்தான் இருக்கிறார். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு மறக்காமல் இருப்பது அது இல்லை. அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் தேர்வுச் சீட்டு வாங்க வந்தார். சீட்டை நீட்டினேன், வாங்கி, மடித்து, பையில் வைத்துக்கொண்டார். கண் முழுக்க மேசைமேல் இருந்த கட்டுகள்மேல்.

"அது நான் எழுதினதா டீச்சர்? சிவப்பா இருக்கே."

"உங்களுதுதான். எடுத்துட்டுப் போங்க."

நின்றபடியே மூன்றாவது கட்டைத் திறந்தார். திருத்தியதில் அதுதான் மோசம். விரலால் ஒவ்வொரு சிவப்பாகத் தொட்டுக்கொண்டு போனார். எனக்குச் சங்கடமாக இருந்தது. வந்த நேரத்தில் இதையா முதலில் எடுக்க வேண்டும்?

"அந்தக் கட்டுல மட்டும் பதினோரு தப்பு அக்கா," என்றேன். "மத்ததுல அவ்வளவு இல்ல."

"பதினொண்ணுதானா?" மடிப்பக்கா கட்டை மூடி மார்போடு அணைத்துக்கொண்டார். "பத்து வாரமா சரி, தப்புன்னு நீங்க ஒண்ணுமே சொல்லல. அதான் எல்லாமே தப்போன்னு நினைச்சுட்டு இருந்தேன் டீச்சர்."